அறுபத்தேழு கிலோ பாக்கி

எடை மேடையில் தணிகாசலம் ஏறி நின்றதும் முள் ஆடி எழுபத்தொன்பதில் வந்து நின்றது. எடை குமாஸ்தா வடிவேல் பேரேட்டைப் புரட்டினார். சேர்ந்த நாள் எடை நூற்று நாற்பத்தாறு என்று எழுதியிருந்தது. மேடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"மீதி எங்கங்க?" என்றார்.

"மீதின்னா?"

"அறுபத்தேழு கிலோ குறையுது. வந்தப்ப இருந்துது இல்ல?"

"எளைச்சிட்டேன். அதுக்குத்தான ஆப்பரேசன் பண்ணாங்க."

"ஆப்பரேசன் தொக்தர் பண்ணது. நான் கேக்கறது எடைய."

தணிகாசலத்துக்குச் சாரம் என்ற ஊரில் தையல் கடை. மூன்று வருஷமாக அவர் படுத்துத் தூங்கியதில்லை. படுத்தால் சொந்த வயிறே நெஞ்சின்மேல் ஏறி மூச்சை அடைத்தது. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மனைவி ஆதிலட்சுமி கீழே பாயில் படுத்து, மூச்சு நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காகத்தான் அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு சித்திரையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அங்கே ஊருக்குத் திரும்பும் வயதில் ஒரு பிரெஞ்சு தொக்தர் இருந்தார். நாய்களின் குடலைச் சுருக்கி எடை குறைத்ததைப் பற்றி ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். நாய் கிடைக்கவில்லையோ என்னவோ, தணிகாசலத்தைத் தேர்ந்தெடுத்தார். வயிற்றைக் கிழித்து, பெரும்பகுதிக் குடலை வழியிலிருந்து விலக்கி, மேலே இருந்ததைக் கீழே இருந்ததோடு சேர்த்துத் தைத்தார். அதன்பிறகு உள்ளே போனது எதுவும் தங்கவில்லை. நாளுக்குப் பன்னிரண்டு தடவை எண்ணெய்போலப் போனது. போகும்போது எரிந்தது. அறை முழுக்க நாறியது. தலைமுடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. வயிற்றுத் தோல் தொடைவரை தொங்கியது. பிரித்துத் தைக்க உள்ளே மடித்துவிட்ட துணிபோல இருக்கிறது என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார். மடிப்புகளுக்குள் புண் வந்து சீழ் வடிந்தது. பத்து மாதத்தில் எல்லாம் ஒருவாறு அடங்கியது.

"ஒரு வேளைக்கு ஒரு பிடிதான் சாப்பிடணும். அதிகம் தின்னா தையல் விட்டுடும்" என்று சொல்லிவிட்டு தொக்தர் கப்பலேறினார். பாரிசில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகக் கேள்வி. தணிகாசலமும் வீட்டுக்குப் போகலாம் என்று துணியை மடித்துக்கொண்டு எடை மண்டபத்துக்கு வந்தார்.

எடை மண்டபம் முன்வாசலில் இருந்தது. ஆப்பரேசன் அறைக்கு இல்லாத பளிங்குத் தரை அதற்கு இருந்தது. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளியும் அங்கே மேடையேற வேண்டும். வடிவேல் மணியடித்து எடையைப் பிரெஞ்சில் அறிவிப்பார். நோயாளிக்குப் புரியாது. புரியாமல் தலை குனிந்து நிற்பதும் நடைமுறையில் சேர்த்தி.

இதற்குக் காரணம் முப்பத்தோராவது விதி. அறுபது வருஷத்துக்கு முன் சாப்பாட்டுக் குத்தகைக்காரன் ஒருவன் அரிசியில் மணல் கலந்தான். நோயாளிகள் குச்சியாக வெளியே போனார்கள். அன்றைய கவர்னர் கோபப்பட்டு, சேரும்போது இருந்த எடைக்குக் குறைவாக எவரும் இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். நோயில் விழுந்து கஞ்சி குடித்துக் கிடந்தவன் இளைக்காமல் எப்படிப் போவான்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வார்டிலும் கதவுக்குப் பின்னால் மூன்று கிலோ மணல் நிரப்பிய துணிக் கச்சைகள் தொங்கின. நோயாளி சட்டைக்குள் ஒன்று கட்டிக்கொள்வான். வடிவேல் அந்த நேரத்தில் கூரையைப் பார்ப்பார். முன்பு மணல் வயிற்றுக்கு உள்ளே போனது, இப்போது வெளியே கட்டினார்கள். அறுபது வருஷத்து முன்னேற்றம் அது.

"உங்களுக்கு இருபத்துமூணு கச்சை வேணும்" என்றார் வடிவேல். "நீங்கதான் டெய்லர் ஆச்சே. தச்சுக்குங்களேன்."

தைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைக் கிழித்து, கடற்கரை மணலை நிரப்பி, இரட்டைத் தையல் போட்டு இருபத்துமூன்று கச்சை. ஒன்பதாவது கட்டும்போது முழங்கால் மடிந்தது. பளிங்குத் தரையில் குப்புற விழுந்தார். ஒரு கச்சை கிழிந்து, அந்த வழியாக வந்துகொண்டிருந்த நிர்வாகி ஜானகிராமனின் செருப்பில் மணல் கொட்டியது.

கச்சைகளைப் பற்றி ஜானகிராமனுக்கு அதுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு அவர் நிறைய உழைத்திருந்தார். இப்போது செருப்பிலேயே விழுந்துவிட்டதால் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. கச்சைகள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து, மறுநாளே கொமித்தே என்ற நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

கொமித்தேயில் இரண்டு பேர்தான். ஜானகிராமன் ஒருவர். உணவுப் பண்டகத்துக்குப் பொறுப்பான எக்கோனோம் சவரிராயன் இன்னொருவர். இருவரும் நீண்ட மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் நின்றார்.

"இந்த விதிய நான் போடல" என்று ஜானகிராமன் ஆரம்பித்தார். "போட்டவங்க போயிட்டாங்க. அதனாலதான் இதுல தப்புச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல. ஊரு பிரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து நம்ம கைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. ஆனா சட்டப்படி இன்னும் வரல. பாரிசுக்கு எழுதினேன். இப்ப அது உங்க ஊருங்கறான். டெல்லிக்கு எழுதினேன். மொதல்ல பாரிசுல ஒப்பந்தத்த உறுதி பண்ணட்டுங்கறான். யாருக்கும் சொந்தமில்லாத விதிய யாருய்யா மாத்துவான்? சொந்தக்காரன் இருக்கற விதிக்குத்தான் சாவு உண்டு."

"அப்ப நான் எப்படிங்க வூட்டுக்குப் போறது?"

"போறதுக்குத்தான் விதியே இருக்குது. எடைய எடுத்துனு போங்க."

சவரிராயன் கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "முசே, அறுபத்தேழு கிலோ மனுசன் காணாமப் போயிருக்கான். நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவன் மொதல்ல என் சமையல்கட்டுலதான் தேடுவான். இவர ரொப்பி அனுப்பிடறது எல்லாருக்கும் கௌரவம்."

அன்றே எடை மீட்புத் திட்டம் தொடங்கியது. இரண்டு மணிக்கொரு தடவை ஆட்டுக்கறி, வெண்ணெய் தடவிய ரொட்டி, முட்டை, நெய்ச்சோறு. ஆள் தூங்கினால் எழுப்பி ஊட்டினார்கள். சாப்பிட்டு முடித்ததற்குக் கைநாட்டு வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியும் என்று தணிகாசலம் சொன்னார். நோயாளி கைநாட்டுத்தான் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு பிடிக்கு மேல் போன ஒவ்வொரு கவளமும் அரை மணியில் அடிவயிற்றை முறுக்கிக்கொண்டு வெளியேறியது. நெய் மிதந்தது. கறித்துண்டு கறித்துண்டாகவே போனது. ஈக்கள் அவரை விட்டு வேறு நோயாளிகளிடம் போகவே இல்லை. ஒரு வாரம் தின்று ஐந்து கிலோ இளைத்தார். எழுபத்துநாலு.

"திட்டம் நல்லாத்தான் போவுது, எடைதான் ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று ஜானகிராமன் குறிப்பெழுதினார். உடல் இளைக்கவில்லை, யாரோ கடத்துகிறார்கள் என்ற முடிவுக்கும் வந்தார்.

வாசலில் சோதனை ஆரம்பித்தது. சின்னத் தூக்கில் கஞ்சி கொண்டுவரும் ஆதிலட்சுமியை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வடிவேல் மேடையேற்றினார்.

"வரும்போது நாப்பத்தெட்டு. இப்ப நாப்பத்தெட்டரை. இந்த அரை கிலோ யாருதும்மா?"

"கொழாயில தண்ணி குடிச்சேன்யா."

"தண்ணின்னு எப்படி நம்பறது?"

"செத்த நேரம் நில்லு. கொல்லைக்குப் போயிட்டு வந்து காட்டறேன்."

வடிவேல் அதையும் எழுதிக்கொண்டார். ஆதிலட்சுமி உள்ளே திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள். "இன்னாங்க, இங்க இருக்கறவங்களுக்கு மூளை இல்லியா, இல்ல நமக்குத்தான் இல்லியா? ராத்திரில நீங்க உக்காந்திருந்த எடத்துச் செவுத்துல இன்னும் எண்ண அழுக்கு இருக்குது. அதப் பாத்துனே படுத்துக் கெடக்கறேன். எப்படியாச்சும் வந்துடுங்க."

அவள் போனபிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். அதற்குள் ரொட்டி வந்துவிட்டது.

இரண்டாவது கொமித்தேக் கூட்டத்துக்குச் சாட்சியாகக் கன்னியம்மாளைக் கூப்பிட்டார்கள். அந்த வார்டின் மலச்சட்டிகளைக் கழுவுகிறவள். மேசையிலிருந்து பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"இவரோட எடை எப்படிக் கொறஞ்சிது, உனக்கு எதாவது தெரியுமாம்மா?"

"ஏன் தெரியாது? பத்து மாசமா வாரிக் கொட்டறவளே நான்தான். அவ்ளோவும் என் வாளியிலதான் போச்சு."

"எங்க கொட்டின?"

"கடலாண்ட. வேற எங்க கொட்டுவாங்க?"

ஜானகிராமன் நாற்காலியில் நிமிர்ந்தார். "அரசாங்கக் கட்டடத்துலேர்ந்து ஒரு நோயாளியோட எடைய வெளிய எடுத்துனு போவ உனக்கு யாரு உத்தரவு குடுத்தது?"

"உத்தரவு வர்ற வரைக்கும் வெச்சிருந்தா நீங்க இந்த ரூம்புல குந்தியிருக்க முடியாதுங்க."

அவளை வெளியே போகச் சொன்னார்கள். ஆனால் ஜானகிராமனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். கேட்கச் சவரிராயனும் தணிகாசலமும்தான் இருந்தார்கள், இருந்தும் எழுந்துதான் பேசினார்.

"விதிய நல்லாப் படிச்சுப் பாருங்க. வந்த எடை வெளியே போவணும்னு இருக்குது. அது ஒடம்புல ஒட்டியிருக்கணும்னு எங்கியும் இல்ல. ஒரு மனுசன் சாப்பிட்டது அவனுக்குள்ள இருந்தாலும் அவனோடது, வெளிய வந்தாலும் அவனோடது. அத நாம தடுக்கறதும் இல்ல, எடுத்துக்கறதும் இல்ல. முன்ன போனதுக்கு ஆதாரம் கெடையாது. இனிமே போறத எடை போட்டு, முத்திரை வெச்சுச் சேத்து வெப்போம். கணக்கு நேரானதும் மொத்தத்தையும் எடுத்துனு மரியாதையாப் போவட்டும். இருவது வருஷ சர்வீசுல இவ்ளோ மனிதாபிமானமான ஒரு முடிவ நான் எடுத்ததில்ல."

அவர் சொன்னது உண்மை.

ஆறு தகர டிரம்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் 'தணிகாசலம், மூன்றாம் வார்டு' என்று எழுதினார்கள். பழைய கோப்பறையில் வைத்தார்கள். அங்கே யாரும் போவதில்லை, ஏற்கெனவே நாற்றமும் இருந்தது. தினமும் மாலை கன்னியம்மாள் வாளியை நிறுத்துக் கொட்டுவாள். சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மூடியின்மேல் அரக்கு முத்திரை வைப்பார். ஒருநாளும் உள்ளே பார்க்கவில்லை.

நூற்று நாற்பத்தாறில் தன் எடை போக எழுபத்திரண்டு கிலோ பாக்கி. நாளுக்கு ஒன்றரை கிலோ போனால் நாற்பத்தெட்டு நாள். தணிகாசலம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இரண்டு மடங்கு தின்றால் பாதி நாளில் போய்விடலாம். அன்று கொடுத்த ரொட்டியைத் தின்று, பக்கத்துக் கட்டில்காரனின் ரொட்டியையும் வாங்கித் தின்றார். கறியைத் தின்றார். நெய்ச்சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சாயந்திரம் கக்கூசுத் தரையில், தான் போட்டதிலேயே கன்னம் படிய விழுந்து கிடந்தார். வயிற்றுத் தழும்பு புடைத்துக்கொண்டு நின்றது. வலியில் வாயில் நுரை வந்தது.

கன்னியம்மாள்தான் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி முகத்தைக் கழுவி, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

"டெய்லரே, இன்னா பண்ணிக்கற நீ?"

"சீக்கிரம் ரொம்பட்டுமேன்னு."

"நீ ரொம்பறதுக்குள்ள உன்ன ரொப்பிடுவாங்க குழியில." அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இங்க பாரு. எனக்கு ஒன்பது வார்டு. நாளுக்கு எம்மாம் வாளி எடுக்கறேன் தெரியுமா? உனுது ஒண்ணுதான் நாட்டுல இல்லாத சரக்கா?"

"பேரு எழுதியிருக்குதே."

"டிரம்முலதான் எழுதியிருக்குது. அதுலயா எழுதியிருக்குது? அந்தக் கைக்குட்டைக்காரரு மோந்து பாத்தா கண்டுபுடிக்கப் போறாரு? நீ ஒரு பிடி துன்னுட்டு கம்முனு படு. நான் பாத்துக்கறேன்."

"மாட்டிக்கிட்டா உன் வேலை போயிடுமே."

"போனா இந்த வேலைதான போவும்."

அன்றிலிருந்து தணிகாசலம் ஊட்ட வந்த சாப்பாட்டைப் பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்துவிட்டுக் கைநாட்டு மட்டும் வைத்தார். பொய்யான கைநாட்டு வைக்கும்போது அவருக்கு வயிறு வலிக்கவில்லை. பத்து நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் குறையாமல் எழுபத்திரண்டில் உடல் நின்றது. டிரம்களோ மளமளவென்று நிறைந்தன. வயிற்றுக்கடுப்பு வார்டு, பிரசவ வார்டு, காசநோய் வார்டு, காசு கட்டும் வார்டில் படுத்திருந்த, பத்திரம் பதியும் நோத்தேர் ஒருவர், எல்லாரும் தணிகாசலத்தின் விடுதலைக்குத் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாது.

வெளியேற்ற நாளன்று எடை மண்டபத்துக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். மேடையில் தணிகாசலமும் அவரைச் சுற்றி ஆறு டிரம்களும். ஜானகிராமன் மாலை போட்டுவிட்டு ஒரு டிரம்மின்மேல் கை வைத்துப் பேசினார்.

"இந்த நோயாளி காட்டின ஒத்துழைப்ப மத்தவங்களும் பின்பற்றணும். கொமித்தே எதிர்பாத்ததுக்கு ரெண்டு மடங்கு வேகத்துல தன் கடமைய முடிச்சிருக்காரு. அவர்கிட்டேர்ந்து ஒரு கிராம்கூட இந்த நிர்வாகம் எடுத்துக்கல. இதோ, அப்படியே திருப்பிக் குடுக்கறோம். வெளியூரு ஆஸ்பத்திரிங்க நோயாளிக்கு மருந்துதான் குடுத்து அனுப்பும். நாம அவரையே முழுசாக் குடுத்து அனுப்பறோம்."

கைதட்டினார்கள். வெயில் ஏறியதும் டிரம்களின் மூடி லேசாக உப்பிச் சத்தம் போட்டது.

வடிவேல் தகரத்தின் எடையைக் கழித்து, மணியடித்து, வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அப்புறம் தமிழில் மெதுவாகச் சொன்னார். "நூத்தி நாப்பத்தெட்டுங்க. ரெண்டு கிலோ அதிகம்."

கன்னியம்மாள் தூணுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்பில் இரண்டு வாளி கூடிப்போயிருந்தது.

ஜானகிராமன் விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்திரண்டாவது விதி, அதிகப்படியான எடை அரசாங்க உணவிலிருந்து வந்தது, ஆகவே பண்டகசாலைக்குத் திரும்ப வேண்டும் என்றது. பண்டகசாலைப் பொருளை எக்கோனோமைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று முப்பத்துமூன்றாவது சொன்னது.

சவரிராயன் இரண்டு விதிகளையும் இரண்டு தடவை படித்தார். "முசே, கன்னியம்மா எடுக்கட்டுமே" என்றார்.

"அவ எப்படி எடுக்கறது? அது உணவுப் பொருள்."

சமையல்கட்டிலிருந்து அகப்பை வந்தது. சவரிராயன் கோட்டுக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். அரக்கை உடைத்து மூடியைத் திறந்ததும் வரிசையாக நின்றவர்கள் வரிசையைக் கலைத்தார்கள். அவர் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி அள்ளினார். ஈயப் பாத்திரத்தில் ஊற்றினார். வடிவேல் முள்ளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும், கொஞ்சம் திருப்பி ஊத்துங்க" என்றார். திருப்பி ஊற்றும்போது கோட்டில் தெறித்தது. நூற்று நாற்பத்தாறு. மணி அடித்தது. பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சவரிராயன் பண்டகசாலைக்கு நடந்தார். வழியில் கைக்குட்டை விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குக் கை இல்லை.

வாசலில் ஆதிலட்சுமி மாட்டுவண்டியோடு காத்திருந்தாள். வண்டிக்காரன் காத்தவராயனுக்கு அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோட்டம் உண்டு. டிரம்களை முகர்ந்து பார்த்து, "எருவுக்கு ஆவும். வண்டிச்சத்தம் வேணாம், கூலிக்குப் பதிலா இதக் குடுத்துடுங்க" என்றான்.

"அதெல்லாம் கூடாது" என்று வடிவேல் பின்னாலேயே ஓடிவந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். "நாலு மாசத்துல வூட்டாண்ட சோதனைக்கு வருவேன். வெளியேறின எடை அப்படியே இருக்கணும். கொறைஞ்சிருந்தா திரும்பவும் சேத்துடுவாங்க."

தணிகாசலம் சீட்டை வாங்கிக்கொண்டார். வண்டியில் இரண்டு டிரம்களுக்கு நடுவில் இடம் இருந்தது. காலை நீட்டி மல்லாந்து படுத்தார். ஆதிலட்சுமி அவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் தெருவில் எறிந்தாள். சாரம் போய்ச் சேரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து வடிவேல் ஒரு தூக்குத் தராசோடு வந்தார். மத்தியானம். தணிகாசலம் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பும்மா. நிறுக்கணும்."

"எழுப்ப மாட்டேன்" என்றாள் ஆதிலட்சுமி. "அவரு எழுவத்திரண்டுதான். ரெண்டு நாளு முன்ன அரிசி மண்டியில ஏறி நின்னாரு. மீதிதான உங்களுக்கு வேணும்? அது பின்னாடி தோட்டத்துல இருக்குது. போய் நிறுத்துக்குங்க."

வடிவேல் போனார். டிரம்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் இருந்ததைக் கொட்டிய இடத்தில் பூசணிக்கொடி வேலியைத் தாண்டிப் படர்ந்திருந்தது. காத்தவராயன் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வடிவேல் சிறிதுநேரம் யோசித்தார். எடை தணிகாசலத்துடையதுதான், இடம்தான் மாறியிருக்கிறது. அப்படி மாறுவதை கொமித்தேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. காய்களை ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டி நிறுத்தார். வேண்டியது எழுபத்துநாலு, எண்பத்தொன்று வந்தது. 'எடை பத்திரமாக உள்ளது. வெளியேறிய பிறகும் கூடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதினார். ஆஸ்பத்திரியின் வரலாற்றில் அப்படி ஒரு நோயாளி அதுவரை இருந்ததில்லை.

"கூடினது அரசாங்கத்துது ஆச்சே" என்று காத்தவராயனிடம் சொன்னார். இருப்பதிலேயே பெரிய காயாக ஒன்றைப் பறித்துத் தோளில் வைத்துக்கொண்டார். "நிர்வாகி வூட்டுல குடுக்கணும். ஐயாவுக்குப் பூசணிக்கா கூட்டுன்னா உசிரு."

தடுக்கலாமா என்று காத்தவராயன் ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்தான்.

"வாணாம், வுடு" என்றாள் அவள். "நல்லாச் சாப்பிடட்டும்."

பேச்சுச் சத்தத்தில் தணிகாசலத்துக்கு லேசாக விழிப்பு வந்தது. யார் என்று கேட்கவில்லை. கையை மடித்துத் தலைக்குக் கொடுத்து, சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தார்.